லிஸ்ட்டில் முதலில் வரும் காரணம்

கோயம்புத்தூரில் நீர்மூழ்கி பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் ஐடி பிரிவில் இருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சியும் செய்தேன். வாரன்ட்டியில் திரும்பி வரும் மோட்டார்களின் பழைய பதிவுகளை வைத்து, எந்த மோட்டார் பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் தலைப்பு. முடிந்ததா என்றால், ஓரளவு முடிந்தது. ஆனால் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி கணிப்பைப் பற்றியது இல்லை. கம்பெனி சாஃப்ட்வேருக்குள் ஒரு விவரம் எப்படி வந்து சேர்கிறது, அதை யார், எங்கே நின்றுகொண்டு, எதற்காக அப்படிப் பதிகிறார் என்பதைப் பற்றியதுதான். டேட்டா மைனிங் (குவிந்து கிடக்கும் பதிவுகளில் ஒழுங்கைத் தேடுவது), ஐடி திட்டமிடல், மென்பொருள் தரம் என்று கல்லூரியில் இவை மூன்று தனித்தனிப் பேப்பர்கள். கம்பெனிக்குள் வந்து பார்த்தால் ஒன்றின் வாலை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வருகின்றன. இந்த அனுபவம் இதே மாதிரி வேலையில் இறங்கப்போகும் எம்சிஏ, பிஎச்டி மாணவர்களுக்கும், கம்பெனிகளில் ‘நம்ம டேட்டாவை வெச்சு ஏதாவது பண்ணுங்க’ என்று முதலாளி சொல்லிவிட்டதால் முழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவலாம்.

டேட்டா மைனிங் படிக்கும் எல்லோரும் ஐரிஸ் பூக்களில்தான் தொடங்குகிறோம். 150 வரிசை, 3 இனம், இனத்துக்கு 50 பூ, பூவுக்கு 4 அளவுகள். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936-ல் தன் கட்டுரையில் பயன்படுத்திய தரவு அது. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான வேகா மென்பொருளில் ஏற்றி ஜே48 என்ற முடிவு மரத்தை (கேள்வி மேல் கேள்வி கேட்டு வகை பிரிக்கும் முறை) ஓட்டினால், எந்தப் பூ எந்த இனம் என்று உட்கார்ந்த இடத்திலேயே அழகான விடை வந்துவிடும். அந்தப் பூக்களை அளந்தவர் ஃபிஷர் இல்லை, எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். அவற்றில் இரண்டு இனங்களைக் கனடாவின் காஸ்பே பகுதியில் ஒரே புல்வெளியில், ஒரே நாளில் பறித்து, ஒரே ஆள் ஒரே கருவியால் அளந்திருக்கிறார். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வேலையே. எங்கள் சர்வீஸ் மெக்கானிக்கின் வேலை அது இல்லை. தோட்டத்தில் வாழை காய்ந்துகொண்டிருக்கும்போது மோட்டாரை ஓடவைப்பதுதான் அவருடைய வேலை. பதிவு போடுவது அதற்கு அப்புறம் வரும் தலைவலி. கம்பெனிகளில் கிடைக்கும் தரவில் பெரும்பாலானவை இப்படி, வேறொரு வேலைக்கு நடுவே யாரோ போட்டுவைத்தவை.

என்னிடம் முதலில் வந்த வாரன்ட்டி ஃபைலில் பழுதுக் காரணம் என்ற நெடுக்குப் பத்தியைப் பார்த்தால், பாதிக்கும் மேல் ‘காயில் எரிந்தது’, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்தது. இது எனக்கு முன்பே நிர்வாகத்துக்குத் தெரிந்த விஷயம். மாதாந்திர ரிப்போர்ட்டில் பை சார்ட்டாகப் போய்க்கொண்டிருந்தது. வைண்டிங் கம்பி தரமில்லையா, கம்பி சப்ளையரை மாற்றலாமா என்று பர்ச்சேஸ் வரை பேச்சு போய்விட்டது. பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரலை, அதாவது மாடலை ஓட்டினால் அதுவும் காயிலைத்தான் சொன்னது. சொல்லத்தானே செய்யும், நாம் கொடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது.

ஆனால் ஃபேக்டரியில் திரும்பி வந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்க்கும் பெஞ்ச்சில் இருப்பவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். திரஸ்ட் பேரிங் தேய்ந்தது, மணல் புகுந்து புஷ் போனது, காயில் நல்லாத்தான் இருக்கு என்று. பேரிங்கும் புஷ்ஷும் சுழலும் தண்டைத் தாங்கும் பாகங்கள். அவர்கள் கண்டது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. சாஃப்ட்வேருக்குள் வரவே இல்லை. சரி என்று தாராபுரம் பக்கம் ஒரு சர்வீஸ் மெக்கானிக்குடன் போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். கிணற்று மேட்டில் நின்று போனில் வாரன்ட்டி கிளெய்ம் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மோட்டார் சத்தம் போடுகிறது, ட்ரிப் ஆகவில்லை, காயில் எரிந்த வாடையும் இல்லை. ஆனால் போட்டது ‘காயில் எரிந்தது’.

“ஏனுங்ணா, இது பேரிங் மாதிரி தெரியுதே?” என்றேன்.

“பேரிங்தானுங் அம்மிணி. லிஸ்ட்டுல மொதல்ல காயில்தான வருது. இந்த வெயில்ல போனைக் கீழ கீழ தள்ளிட்டு நிக்க முடியுங்களா? அதுமில்லாம காயில்னு போட்டா கிளெய்ம் உடனே பாஸ் ஆயிருது. பேரிங்னு போட்டா நாலு போட்டோ கேக்குது. இங்க எங்க டவர் கெடைக்குது?”

இரண்டு காரணங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஒன்று திரையின் குறை: லிஸ்ட்டில் முதல் வரி தானாகவே தேர்வாகி நிற்கிறது. இன்னொன்று கம்பெனியின் விதி. பேரிங் கிளெய்ம்களில் ஒரு காலத்தில் ஏதோ பிரச்சினை வந்திருக்கிறது. அதனால் போட்டோ கட்டாயம் என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். அந்த விதி பேரிங் கிளெய்ம்களைக் குறைத்தது உண்மை. பேரிங் பழுதைக் குறைக்கவில்லை, பெயரைத்தான் மாற்றியது. நிர்வாகத்தின் மேஜைக்குப் போன பை சார்ட், மோட்டார் எதனால் பழுதாகிறது என்பதைக் காட்டவில்லை. எந்தக் காரணத்தைப் போட்டால் கிளெய்ம் சீக்கிரம் பாஸாகும் என்பதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

இதற்குத் தீர்வு என்று நாங்கள் செய்தது ரொம்ப எளிது. மெக்கானிக் காரணமே சொல்ல வேண்டாம், கண்ணால் கண்டதை மட்டும் போடட்டும் என்று வைத்தோம். மோட்டார் சுற்றவில்லை, ட்ரிப் ஆகிறது, தண்ணீர் குறைவு, சத்தம், இவ்வளவுதான். தானாகத் தேர்வாகும் வரி கிடையாது. காரணத்தை ஃபேக்டரியில் பிரித்துப் பார்க்கும் பெஞ்ச் பதியும். போட்டோ விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், டவர் கிடைக்கும்போது அப்புறம் அனுப்பினாலும் போதும். அறிகுறி வேறு, காரணம் வேறு, இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே பத்தியில் கேட்கக் கூடாது. மருத்துவமனையில் நோயாளி சொல்வதும் டாக்டர் எழுதுவதும் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை அல்லவா? சர்வீஸ் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களிடம் இதை நான் இப்போது முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

அடுத்தது ஊர்ப் பெயர்கள். தமிழ்நாட்டுத் தரவில் வேலை செய்கிற எவரும் இதில் மாட்டாமல் போக முடியாது. டீலர் முகவரியில் திருச்சி, திருச்சிராப்பள்ளி, பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல், புதுசு, டைப்பிங் பிழை என்று ஒரே ஊர் பல உருவத்தில் இருக்கும். தஞ்சாவூர், தூத்துக்குடி, உதகை எல்லாம் அப்படித்தான். 2020-ல் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, பெரிய சலசலப்புக்குப் பிறகு அந்த ஜூன் மாதமே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். எழுத்துக்கூட்டலையே நம்பி அட்டவணைகளை இணைக்கும் ஒரு சாஃப்ட்வேர் அந்த ஆணைக்குப் பின்னாலும் அது வாபஸான பின்னாலும் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் மாவட்டமோ ஊரோ, பெயரை வைத்து இணைக்காமல் குறியீட்டை வைத்து இணைக்க வேண்டும். முகவரியில் பின்கோடு மட்டும் ஒழுங்காக இருந்தாலே பாதி வேலை மிச்சம்.

எழுத்துக்கூட்டலாவது கண்ணில் படும். கண்ணில் படாத சிக்கல் எல்லை மாற்றம். விழுப்புரம் மாவட்ட விற்பனை 2019 கடைசியில் சடாரென்று இறங்கியது போல எங்கள் வரைபடம் காட்டியது. போட்டிக் கம்பெனி உள்ளே வந்துவிட்டதா என்று சேல்ஸ் ஆட்கள் கவலைப்பட்டார்கள். அந்த நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. அதே சமயத்தில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு. மறு வருஷம் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. எங்கள் டீலர் மாஸ்டரில் (எல்லா டீலர்களின் அடிப்படைப் பட்டியல்) சில டீலர்களைப் புது மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள், சிலரை மாற்றவில்லை. இப்படி ஒரு தரவைக் கொண்டு ‘மாவட்டவாரியாக மாறும் வாடிக்கையாளர் போக்கு’ என்று ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதிவிடலாம், பிரசுரமும் ஆகிவிடும். பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் தாலுகா அளவில் வைத்துக்கொண்டு, மேலே கூட்டும்போது எந்தத் தேதியின் எல்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தாலுகாக்களும் பிரிகின்றன என்பது வேறு விஷயம், ஆனால் சமாளிக்கலாம்.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. எங்கள் பழைய மாடல் குறியீட்டில் 5 ஹெச்பி, 10 ஸ்டேஜ் பம்பை 5-10 என்று எழுதுவார்கள். எக்செலில் அடித்து என்டர் தட்டினால் அது அக்டோபர் 5 ஆகிவிடும். இது எங்களுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 போன்ற குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் மரபணுப் பெயர்களை நிர்வகிக்கும் குழு பல மரபணுக்களின் குறியீட்டையே மாற்றிவிட்டது. அன்றைக்கு மைக்ரோசாஃப்ட் மாறவில்லை, மரபணு மாறியது! அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது இதைவிட விபரீதம். ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ ஃபைலில் ஏற்றியது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் நிற்காது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது, தொடர்பு தேடும் அமைப்புக்குத்தான் போகவில்லை. ஒரு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகும் ஒவ்வொரு வாசலிலும், அந்தப் பக்கம் எத்தனை வரிசை கிளம்பியது, இந்தப் பக்கம் எத்தனை இறங்கியது என்று எண்ணிப் பார்க்கும் இரண்டு வரி நிரல் இருந்தால் போதும். எங்கள் லாரி ஷெட்டில் லோடு இறக்கும்போது சரக்கை எண்ணாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். தரவுக்கு மட்டும் ஏன் அந்தப் பழக்கம் வரவில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

மாடல் கட்டும் கட்டத்துக்கு வருகிறேன். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் மொத்த உழைப்பில் இதன் பங்கும் அவ்வளவுதான். டேட்டா மைனிங் வேலைக்கென்று 2000-ல் வெளியான கிரிஸ்ப்-டிஎம் வழிமுறையில் ஆறு கட்டங்கள் இருக்கின்றன. முதல் மூன்றும் தொழிலைப் புரிந்துகொள்வது, தரவைப் புரிந்துகொள்வது, தரவைத் தயார்செய்வது. மாடல் நான்காவதாகத்தான் வருகிறது. நான்காவதிலேயே தொடங்கிவிடும் ஆட்கள் எங்கள் கம்பெனிக்கும் வந்தார்கள்.

ஒரு கன்சல்டன்ட் குழு டெமோவில் கிட்டத்தட்ட நூறு சதவீதத் துல்லியம் காட்டியது. மீட்டிங் அறையில் எல்லோர் முகத்திலும் சந்தோஷம். எந்தெந்தப் பத்திகளை மாடலுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தால், அதில் திரும்பி வரும் சரக்குக்குப் போடும் கேட் பாஸ் எண்ணும் இருக்கிறது. மோட்டார் பழுதாகித் திரும்பி வந்தால்தான் அந்த எண்ணே உண்டாகும். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதிய மாடல் அது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னோம், துல்லியம் சாதாரணத்துக்கு இறங்கியது. மாடலுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பத்தியின் பக்கத்திலும், கணிப்பு சொல்ல வேண்டிய நாளில் இந்த விவரம் கையில் இருக்குமா என்று எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

துல்லியம் என்ற எண்ணையே நான் நம்புவதில்லை. நூறு மோட்டாரில் நான்கு மட்டும் வாரன்ட்டிக்குள் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எதுவும் பழுதாகாது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கு 96 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். அதனால் கேட்க வேண்டியவை வேறு. பழுதான நான்கில் எத்தனையை முன்பே சொன்னாய்? நீ சொன்னவற்றில் எத்தனை நிஜமாகவே பழுதானது? தவறாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் ஆளை அனுப்ப எவ்வளவு செலவு? மூன்றாவது கேள்விக்கு விடை அக்கவுன்ட்ஸில் இருக்கும், ஆய்வகத்தில் இருக்காது.

எந்தக் கன்சல்டன்ட் வந்தாலும் டயப்பரையும் பீரையும் பக்கத்தில் வைத்து விற்றுச் சாதித்த கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. 1992 வாக்கில் அமெரிக்காவின் ஆஸ்கோ மருந்துக் கடைகளின் பில்களைத் தரவு அலசும் நிறுவனமான டெராடேட்டாவின் குழு அலசியபோது மாலை 5 முதல் 7 மணிக்குள் அந்த இரண்டும் சேர்ந்து வாங்கப்படுவது தெரிந்தது, அவ்வளவுதான். கடைக்காரர்கள் அதை வைத்து இரண்டையும் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கவில்லை. கண்டுபிடிப்புக்குப் பிறகு யார் என்ன செய்வார் என்பது முன்பே முடிவாகியிருக்காவிட்டால், எவ்வளவு சுவையான தொடர்பு கிடைத்தாலும் அது ஸ்லைடிலேயே இருந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: கண்டுபிடித்த உடனே யார் மீதாவது பாய்வது. வழக்கத்துக்கு மாறான கிளெய்ம்களைத் தனியாக எடுத்துக்காட்டும் ஒரு வசதி செய்திருந்தோம். அதில் திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு மூலையில் இருந்த ஒரு மெக்கானிக்கின் பெயர் மாதா மாதம் மேலே வந்தது. அளவுக்கு மீறிக் காயில் கிளெய்ம்கள். பொய் கிளெய்ம் போடுகிறார், ஆளை நிறுத்துங்கள் என்று ஒரு மேலாளர் மெயில் தயார் செய்துவிட்டார். அதை அனுப்பும் முன் பெஞ்ச்சில் கேட்டோம். அவர் அனுப்பியவற்றில் காயில் உண்மையாகவே எரிந்திருந்தது. அவருடைய பகுதி மின்பாதையின் கடைக்கோடி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் மோட்டாரைப் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கும், காயில் சூடேறும். இருமுனை வரும் நேரத்தில் விடுபட்ட முனைக்குப் பதிலாகக் கன்டென்சர் போட்டு ஓட்டுகிறவர்களும் அங்கே அதிகம். அவர் ஒருவர்தான் அந்தப் பழைய ஃபார்மில் நேர்மையாகக் காயிலைக் காயில் என்று போட்டவர் என்றுகூடச் சொல்லலாம்.

பிரிட்டனில் போஸ்ட் ஆபீஸ் ஊழல் என்று பேசப்படும் ஹொரைசான் விவகாரத்தைப் படித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. ஃபுஜிட்சு நிறுவனம் தந்த ஹொரைசான் என்ற கணக்கு மென்பொருள் 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் நுழைந்தது. அது காட்டிய பணப் பற்றாக்குறையைச் சான்றாக வைத்து, 2015 வரைக்குள் 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் சொத்தை விற்றுக் கட்டினார்கள். மென்பொருளில்தான் பிழை. கணினி ஒழுங்காக இயங்குகிறது என்பதை நீதிமன்றங்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டு, தவறு என்றால் நீ நிரூபி என்று தனிமனிதர்களிடம் விட்டுவிட்டன. 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டிவந்தது. எங்கள் கம்பெனியில் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. இயந்திரம் சந்தேகப்பட்ட பெயர்ப் பட்டியல் நேராக மேலாளருக்குப் போகாது. அந்தப் பகுதியை நேரில் அறிந்த ஒருவரும் பெஞ்ச் ஆளும் பார்த்துக் குறிப்பு எழுதிய பிறகுதான் போகும். பட்டியலில் இருப்பவருக்கும் விவரம் சொல்லி விளக்கம் கேட்கிறோம். தாமதம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் குளறுபடிகளின் வேரைத் தேடினால் அது சாஃப்ட்வேர் வாங்கிய நாளில் போய் நிற்கும். எங்கள் ஊரில் ஐடி திட்டம் என்றால் பெரும்பாலும் கொட்டேஷன்களை ஒப்பிடும் ஒரு ஷீட். லைசென்ஸ், சர்வர், இம்ப்ளிமென்டேஷன், ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு. அதில் பழைய தரவைச் சுத்தம் செய்வது என்ற வரிக்கு எதிரே எல்லா வெண்டர்களும் ‘கஸ்டமர் ஸ்கோப்’, அதாவது வாங்குகிறவர் பொறுப்பு என்று போட்டிருப்பார்கள். விலை பூஜ்யம் என்பதால் யாரும் அந்த வரியைப் படிக்க மாட்டார்கள். அப்புறம் கோ-லைவுக்கு (புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கும் நாள்) முந்தின வாரம் ஸ்டோர்ஸ் கிளார்க்கும் இரண்டு அப்ரென்டிஸ் பையன்களும் ராத்திரி உட்கார்ந்து ஐட்டம் மாஸ்டரை, அதாவது எல்லாப் பொருள்களின் அடிப்படைப் பட்டியலை ஏற்றுவார்கள். டார்கெட் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனி 2013-ல் கனடாவில் கடை திறந்தபோதும் இதே கதிதான். புது அமைப்பில் அவசரமாக ஏற்றிய பொருள் விவரங்களில் அங்குலமும் சென்டிமீட்டரும் குழம்பி, அளவுகள் மாறி, கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 133 கடைகளையும் 2015-ல் மூடிவிட்டுப் போனார்கள். அது மட்டுமே காரணமில்லை, ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஆகவே, கொட்டேஷனில் அந்த வரிக்கு நீங்களே ஒரு விலை போடுங்கள். எத்தனை ஆள், எத்தனை வாரம், யார் தலைமை. ஐட்டம் மாஸ்டருக்கு உரிமையாளர் என்று ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், டிபார்ட்மென்ட்டின் பெயர் போதாது. புது ஐட்டம் திறப்பது அவர் கையில் மட்டும் இருக்கட்டும். இது ஐடி ஆளாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. கேபிளில் எந்த சைஸ் எந்த மோட்டாருக்குப் போகும் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கோ-லைவ் தேதி இன்னொரு சண்டை. ஆடிட்டருக்கும் அக்கவுன்ட்ஸுக்கும் ஏப்ரல் 1-தான் வேண்டும், நிதியாண்டுத் தொடக்கம். ஆனால் பம்ப் தொழிலுக்கு அது உச்ச சீசன். கிணறு வற்றும் காலத்தில்தான் மோட்டார் விற்கும். அப்போது டிஸ்பேட்ச் ஒரு நாள் நின்றாலும் டீலர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார். ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனிக்கு நடந்ததை அந்தக் கூட்டத்தில் நான் சொன்னேன். 112 மில்லியன் டாலர் செலவில் மூன்று மென்பொருள்களை ஒரே நேரத்தில் 1999 ஜூலையில் ஓடவிட்டார்கள். அமெரிக்காவில் சாக்லேட் அதிகம் விற்கும் ஹாலோவீன் ஆர்டர்கள் வரும் நேரம் அது. சரக்கு கிடங்கில் இருக்கிறது, ஆர்டரை அனுப்ப முடியவில்லை. சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டர்கள் போய்ச் சேரவில்லை. கடைசியில் நாங்கள் அக்கவுன்ட்ஸை ஏப்ரலிலும், டிஸ்பேட்ச்சையும் சர்வீஸையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலும் மாற்றினோம். இடைப்பட்ட மாதங்களில் இரண்டு அமைப்புகளுக்கும் நடுவே தினமும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் டீலர்கள் யாருக்கும் நாங்கள் சாஃப்ட்வேர் மாற்றியதே தெரியாது.

மென்பொருள் தரத்துக்கு ஐஎஸ்ஓ 25010 என்ற தரநிலை இருக்கிறது. 2011 பதிப்பில் எட்டுப் பண்புகள், 2023-ல் ஒன்பது. ஆய்வேட்டுக்கு நல்ல அத்தியாயம் கிடைக்கும். ஆனால் நடைமுறையில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த டெஸ்டர் பில்லிங் கிளார்க் அக்காதான். தண்ணீர் பம்புகளுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 18 சதவீதமாக ஏறியது. ரேட்டை மாஸ்டரில் மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை என்றார் வெண்டர். மாற்றி, பத்துப் பன்னிரண்டு மாதிரி பில் போட்டுப் பார்த்து, எல்லாம் பாஸ். அக்கா மட்டும், “ஜூன்ல வித்த பம்ப் ஆகஸ்ட்ல ரிட்டர்ன் வந்தா கிரெடிட் நோட் என்ன ரேட்டுல போகும்?” என்றார். போட்டுப் பார்த்தால் 18. பழைய பில்லுக்கான கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) அந்தப் பில்லின் ரேட்டில்தான் போக வேண்டும். ரேட்டைத் தேதியோடு சேர்த்து வைக்காமல் ஒற்றை எண்ணாக வைத்திருந்த டிசைனின் கோளாறு அது. வெண்டரின் டெஸ்ட் பட்டியலில் அந்தக் கேள்வி இருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அவர்கள் யாரும் ரிட்டர்ன் சரக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. டெஸ்டிங்குக்கு வெறும் மாதிரிப் பெயர்களைக் கொடுக்காமல், போன வருஷத்தின் மோசமான ஒரு வாரத்தை எடுத்து, அதில் நடந்த எல்லாவற்றையும் புது அமைப்பில் திரும்ப நடத்திப் பார்ப்பது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. ரிட்டர்ன், கேன்சல், அரைகுறை டெலிவரி, செக் பவுன்ஸ் எல்லாம் அதில் இருக்கும்.

கடைசியாக ஒரு பதிவேட்டைப் பற்றி. பழுதுக் காரண ஃபார்மை மாற்றிய பிறகு வந்த காலாண்டில், காயில் பழுது மளமளவென்று குறைந்திருந்தது. ரிவ்யூ மீட்டிங்கில் எம்டி தரக் கட்டுப்பாட்டுக் குழுவைப் பாராட்டிவிட்டார். அவர்களும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்கள். மோட்டார் அப்படியேதான் இருக்கிறது சார், ஃபார்ம்தான் மாறியது என்று நான் விளக்க வேண்டிவந்தது. அன்று அந்த அறையில் எனக்கு நண்பர்கள் குறைவு. அதிலிருந்து ஒரு எளிய அட்டவணை வைத்திருக்கிறோம். சாஃப்ட்வேரில் எந்தத் திரையில் எந்த மாற்றம் எந்தத் தேதியில் நடந்தது, யார் கேட்டார், எதற்காக, எந்த ரிப்போர்ட்டில் எண் மாறித் தெரியும் என்று ஐந்து பத்திகள். மாவட்ட எல்லை மாறியதும் வரி மாறியதும் வாரன்ட்டி விதி மாறியதும் அதில் வரும். ரிப்போர்ட் வரைபடங்களில் அந்தத் தேதிகளில் ஒரு செங்குத்துக் கோடு தானாக விழும்படி செய்திருக்கிறோம். முதல் நான்கு பத்திகளை எல்லோரும் பிரச்சினை இல்லாமல் நிரப்பிவிடுகிறார்கள். ஐந்தாவது பத்தியை மட்டும் நான் ஆளாளுக்கு போன் போட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.